தட்டைத் திருப்பிக் கொடுத்த கல்யாணம்

ராகினிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சங்கதி அவளுக்கே தெரியாது. சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அலோர் காஜா பதிவிலாகாவில் இருந்த கணினிக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்று காலை அவளும் ஹரிதாஸும் கல்யாணத்துக்கு மனுக் கொடுக்கப் போயிருந்தார்கள். ஹரிதாஸ் லூபோக் சீனா என்ற ஊர்க்காரன். ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் வேலை. அதிகம் பேசமாட்டான், பேசினால் அதில் வீண் வார்த்தை இருக்காது. ராகினி டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறவள், நாள் முழுக்கப் பேசிப் பழகியவள். இரண்டு வீட்டிலும் பேசி ஆவணியில் நாள் குறித்து மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது. மனுவைக் கொடுத்துவிட்டு நேரே மலாக்காவுக்குப் புடவை பார்க்கப் போவதாகத் திட்டம்.

பதிவிலாகாக் கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா இருவருடைய ஐசி அடையாள அட்டையையும் வாங்கி எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார். திரும்பவும் தட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தங்கச்சிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே என்றார். ராகினி சிரித்துவிட்டாள். அது வேறு ராகினியாக இருக்கும், இந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஐசி எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார், அப்புறம் கணவர் பெயரையும் படித்தார். காந்தன்.

ராகினிக்குக் காதுக்குள் கொய்யென்று சத்தம் கேட்டது. ஹரிதாஸ் இரண்டு ஐசியையும் திரும்ப வாங்கிக்கொண்டான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போனால்தான் கதை விளங்கும். காந்தன், ஜாசினில் ஏர்கான் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். ராகினிக்கு முதலில் நிச்சயமானவன் அவன்தான். அப்போது புதிதாக ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வீடுகள் கட்டி விற்றார்கள், அதில் ஒன்றை இருவரும் வாங்க நினைத்தார்கள். புருஷன் பெண்டாட்டியாக விண்ணப்பம் போட்டால் கடன் சீக்கிரம் கிடைக்கும், முதலில் ரெஜிஸ்டர் பண்ணிவிடுங்கள் என்று வீடு விற்கிற ஏஜண்டு சொன்னான். சரியென்று ஒரு செவ்வாய்க்கிழமை ராகினி கிளினிக் யூனிபார்மோடு கிளம்பிப் போனாள். காந்தனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் சாட்சி. அதிகாரி கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து எல்லோரும் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் அவள் கவுண்டருக்குத் திரும்பிவிட்டாள். சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்த் துணி மடித்தாள். அதைப் போய் யாராவது கல்யாணம் என்பார்களா? நம்மவர்களுக்குத் தாலி கழுத்தில் ஏறினால்தான் கல்யாணம். மற்றதெல்லாம் ஆபீஸ் வேலை.

அப்புறம் பத்திரிகை வந்தது, கூடவே சனியனும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அடித்த பத்திரிகையில் ராகினியின் தாய்மாமன் சேகரன் பெயர் இல்லை. சேகரன் சாதாரண மாமன் இல்லை. ராகினியின் அப்பா தவறிய பிறகு லாரி ஓட்டி அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர். அச்சகத்தில் விட்டுவிட்டார்கள், பேனாவால் எழுதிக்கொள்ளலாமே என்று காந்தனின் அம்மா சொன்னாள். "பேனாவுல எழுதுற பேரா என் பேரு?" என்றார் சேகரன். அந்த ஒரு கேள்வியில் ஆரம்பித்தது, இரண்டு பக்கத்துப் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்த்தான் நின்றது. ராகினியின் அம்மா பெரியநாயகி நிச்சயத் தட்டுகளை எடுத்துப் புடவை, மோதிரம், தேங்காய் எல்லாவற்றையும் வைத்தபடியே திருப்பி அனுப்பினாள். அங்கிருந்தும் தட்டுகள் திரும்பி வந்தன. தட்டு திரும்பினால் சம்பந்தம் முறிந்தது. ஊருக்கே தெரிந்த கணக்கு. தாமான் வீடு வேறு யாருக்கோ போயிற்று. ராகினிக்கும் காந்தனுக்கும் ஒருவரையொருவர் பிரிந்து உருகுமளவுக்குப் பழக்கமும் இல்லை. எல்லாம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கையெழுத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

ஹரிதாஸ் அவளைப் புடவைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்து இரண்டு தே தாரிக் சொன்னான். நிச்சயம் நின்றுபோன கதை அவனுக்குத் தெரியும். ரெஜிஸ்டர் பண்ணிய கதையை ராகினி சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது சொன்னாள். சொல்லச் சொல்ல, கேட்கிறவனுக்கு இது எப்படி இருக்கும் என்று அவளுக்கே பயம் பிடித்தது.

அவன் கடைசிவரை கேட்டான். "மறைச்சியா, மறந்தியா?"

"மறந்துட்டேன். சத்தியமா."

ஹரிதாஸ் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தான். "சரி. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இதுக்கு என்னா வழின்னு பாரு" என்றான். கோபம் இல்லை. ஆனால் வழக்கமாக அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறவன், அன்று இறக்கிவிட்டதும் போய்விட்டான். அதுதான் அவளுக்கு வலித்தது. இவன் கையை விட்டுவிடுவானோ என்ற எண்ணம் அன்றைக்கு உள்ளே புகுந்தது, பிறகு பல மாதங்களுக்கு வெளியே போகவில்லை.

பெரியநாயகியோ கேட்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பதிவிலாகாவுக்கே கிளம்பிவிட்டாள். "தாலி கட்டாம என்னாடி கல்யாணம்? தட்டையெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு, அதுக்கு ஊர்ல அத்தன பேரு சாட்சி. அந்தப் பொம்பளைக்கு நான் வெளங்க வைக்கிறேன், நீ வா." அவளைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் ராகினிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் ராகினி விடுப்புப் போட்டுவிட்டு மலாக்கா டவுனில் ரஹீலா என்ற வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தாள். துணிக்கடைக்கு மேல் மாடியில் சின்ன ஆபீஸ். கீழே கடை ரஹீலாவின் அப்பாவுடையது, அவர்களுடைய குடும்பம் நாலைந்து தலைமுறையாக அங்கேயே வியாபாரம் செய்கிறது. அம்மா வராமல் இருப்பாளா, கூடவே வந்தாள். வந்து, தட்டைத் திருப்பிக் கொடுத்த கதையை முதலிலிருந்து சொன்னாள். ரஹீலா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா சட்டத்துக்குத் தட்டு தெரியாதும்மா" என்றார். "அதுக்குத் தெரிஞ்சது கையெழுத்து மட்டும்தான். கையெழுத்துப் போட்ட அன்னிக்கே உங்க மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு."

வழியையும் அவரே சொன்னார். இரண்டு பேரும் சம்மதித்துச் சேர்ந்து மனுப் போட்டால் விவாகரத்து சுலபம். பதிந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டதால் அதற்குத் தடையில்லை. ஒன்றாக வாழவே இல்லை என்று சொல்லிக் கல்யாணத்தையே செல்லாததாக்கவும் கேட்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும், அந்தப் பக்கம் மறுத்தால் இழுத்தடிக்கும். எந்த வழியாக இருந்தாலும் காந்தன் ஒத்துழைத்தால் நாள் மிச்சம். நீதிமன்றம் சம்மதித்த பிறகும் மூன்று மாதம் காத்திருந்தால்தான் தீர்ப்பு முழுதாகும். ஆவணிக்குள் நடக்குமா என்று ராகினி கேட்டாள். ஆவணியை மறந்துவிடச் சொன்னார்.

கீழே இறங்கி வரும்போது பெரியநாயகி படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு விவாகரத்தா, வாழாமலேயே வாழாவெட்டிப் பட்டமா என்று அழுதாள். ராகினிக்கும் அழுகை வந்தது, ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதால் காடியை யார் ஓட்டுவது? அடக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த சேகரன் மாமா, காந்தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, லாயர் கடிதம் போகட்டும் என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். லாயர் கடிதம் போனால் அந்தப் பக்கமும் ஒரு லாயரைப் பிடிப்பார்கள், பத்திரிகைச் சண்டை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ராகினிக்கு இது நன்றாகவே தெரிந்தது. அம்மாவிடம் கிளினிக்கில் கூடுதல் வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் தனியாகக் காடியை எடுத்தாள்.

காந்தனின் வீடு ஜாசினைத் தாண்டி, செர்காம் போகிற ரோட்டில் இருந்தது. வழி நெடுக அவள் பேசப்போகிற பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மரியாதையாக ஆரம்பிப்பது, மசியவில்லை என்றால் குரலை உயர்த்துவது, அதற்கும் மசியவில்லை என்றால் தெருவே கேட்கிற மாதிரிக் கத்துவது. கத்துவதற்கு வேண்டிய வார்த்தைகளைத்தான் நிறையத் தயார் செய்திருந்தாள்.

கதவைத் திறந்தது ஓர் இளம்பெண். கழுத்தில் மஞ்சள் மாறாத தாலி. ராகினி தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க வருவீங்கன்னு நான் தினம் சாமிகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள்.

ராகினி தயார் செய்த வார்த்தைகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. அந்தப் பெண் பெயர் தேவிஸ்ரீ. ராகினியை உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் அவள் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்துச் சின்னக் கோயிலில் காந்தன் அவளுக்குத் தாலி கட்டினான். அங்கே யாரும் எந்தப் பேப்பரும் கேட்கவில்லை. பிறகு நிதானமாக ரெஜிஸ்டர் பண்ணப் போனபோதுதான் காந்தனுக்கும் அதே கணினி அதே பதிலைச் சொன்னது. ராகினியிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா, செத்தாலும் கூடாது என்று மாமியார் ஒரே பிடியாக இருந்தாள். காந்தன் அம்மாவுக்கும் பயந்து, சட்டத்துக்கும் பயந்து, வாயைத் திறக்காமல் ஏர்கான் கழுவிக்கொண்டிருந்தான். இப்போது தேவிஸ்ரீ உண்டாகியிருந்தாள். மூன்று மாதம். பிறக்கிற பிள்ளையின் சூராட் பெரானாக்கில், அந்தப் பிறப்புச் சான்றிதழில், அப்பா அம்மா கல்யாணத் தேதியைக் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவளுக்கு ராத்திரியும் பகலும் கவலை.

"தாலி என் கழுத்துல இருக்கு. பேப்பர் உங்ககிட்ட இருக்கு" என்றாள் தேவிஸ்ரீ. "ரெண்டும் சேந்தாதானேக்கா ஒரு பொண்டாட்டி? இப்ப நானும் அரை, நீங்களும் அரை."

ராகினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தேவிஸ்ரீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கடையிலிருந்து சாப்பிட வந்த காந்தன், தன் சட்டப்படியான மனைவியும் சாஸ்திரப்படியான மனைவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான். பாவம், அவன் முகத்தில் ரத்தம் இல்லை. ராகினி அவனிடம் பழைய கதை எதையும் பேசவில்லை. திங்கட்கிழமை ரஹீலா ஆபீசுக்கு வந்துவிடுங்கள், உங்கள் அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு என்றாள். அவன் தலையை ஆட்டினான். பதிவிலாகாவிலும் அன்று அப்படித்தான் ஆட்டினான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி ஹரிதாஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தனியாகவா போனாய் என்று மட்டும் அவன் கேட்டான். ஆமாம் என்றாள். நீதிமன்றத்துக்குத் தனியாகப் போகாதே, நான் லீவு எடுக்கிறேன் என்றான். ராகினி போனை வைத்த பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

வழக்கு ஆயர் குரோ நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது தேவிஸ்ரீக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. அவள் உள்ளே வரவில்லை, வெளியே நடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹரிதாஸ் தூண் பக்கம் நின்றான். வரவே மாட்டேன் என்று சபதம் போட்ட பெரியநாயகி, மகளைக் கோர்ட்டில் தனியாக விடுவதா என்று கடைசி நிமிஷத்தில் காடியில் ஏறிவிட்டாள். ஏறினவள் வழி முழுக்க அந்த வீட்டாரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். ஒரு நாள்கூட இல்லை என்றாள் ராகினி. மறுபடி சேர்ந்து வாழ வாய்ப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்று அவளும் காந்தனும் ஒரே குரலில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். காத்திருக்கும் காலத்தைக் குறைக்கச் சொல்லி ரஹீலா கேட்டார். நீதிபதி காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

வெளியே வந்த ராகினி நின்றுவிட்டாள். நடையில் அம்மா தேவிஸ்ரீக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ராகினிக்கென்று கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பாத்திரம் திறந்திருந்தது. தேவிஸ்ரீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளுடைய தாலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்குத் தாலி இருந்தும் கல்யாணம் இல்லை, தன் பெண்ணுக்குத் தாலி இல்லாமலேயே கல்யாணம் இருந்தது. பெரியநாயகி மனசில் என்ன ஓடியதோ, மகளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சும்மா."

"இந்தப் பிள்ளைக்கு எப்ப முடியும்?"

அவளுக்கும் இனிச் சீக்கிரம் முடியும் என்றாள் ராகினி. பெரியநாயகி மிச்சமிருந்த இட்லியைத் தேவிஸ்ரீ கையில் வைத்து, சட்னி புளிப்பதற்குள் சாப்பிட்டுவிடச் சொன்னாள். காந்தனை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்க முடியுமா?

தேவிஸ்ரீயும் காந்தனும் அவள் வயிறு தள்ளிக்கொண்டிருக்கும்போதே ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. சூராட் பெரானாக்கைப் படம் பிடித்து அவள் அனுப்பியிருந்தாள். அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன, கல்யாணத் தேதியும் இருந்தது. ராகினி அதை ஹரிதாஸிடம் காட்டினாள். நம்முடையது எப்போது என்று அவன் கேட்டான். அவளுக்குள் புகுந்திருந்த அந்தப் பழைய பயம் அன்றைக்குத்தான் வெளியே போயிற்று.

தை மாதம், அலோர் காஜா பக்கம் ஒரு கோயிலில் கல்யாணம். தாலியும் ரெஜிஸ்டரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்று ராகினி கறாராகச் சொல்லிவிட்டாள். பதிவு செய்கிற அதிகாரி கோயிலுக்கே வந்திருந்தார். பத்திரிகையைத் தானே மூன்று தடவை சரிபார்த்து, சேகரன் மாமா பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். அதோடு விடவில்லை. சாட்சிக் கையெழுத்தும் நீங்கள்தான் போட வேண்டும் மாமா என்றாள். பத்திரிகையைச் சண்டைக்கு மட்டும் பார்க்கிற அந்த மனிதர் இதற்குப் புது வேட்டி எடுத்தார்.

நல்ல நேரத்தில் கெட்டி மேளம் முழங்க ஹரிதாஸ் தாலி கட்டினான். அட்சதை விழுந்தது. மேளம் அடங்கியதும் ஜனங்கள் வழக்கம்போலப் பந்திக்கு எழுந்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையைப் போட்டு அதிகாரி தம் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்தார். அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் யாருமில்லை.

பெரியநாயகி பட்டுப்புடவையோடு வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "யாரும் போவாதீங்க. உக்காருங்க. இன்னும் கல்யாணம் முடியல."

எழுந்தவர்கள் பாதியில் உட்கார்ந்தார்கள். சேகரன் மாமா மேஜைக்குப் போய் முதல் ஆளாகப் பேனாவைக் கையில் எடுத்தார். மணமக்கள்தான் முதலில் என்று அதிகாரி சொல்லவும், பேனாவைப் பத்திரமாக ராகினியிடம் நீட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை அலட்சியமாகக் கிறுக்கியவள் இப்போது தாளில் இருந்ததை முதல் வரியிலிருந்து படித்தாள். தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேனா முனை தாளில் பட்டதும் பெரியநாயகி மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மேளக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, தாலிதான் கட்டியாகிவிட்டதே என்றார்.

"இதுக்கும் அடிங்க" என்றாள்.

கெட்டி மேளம் இரண்டாவது தடவையாக முழங்கியது. கடைசி வரிசையில் தேவிஸ்ரீயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது. ராகினி கண்ணீரோடு கையெழுத்தை முடித்துப் பேனாவை ஹரிதாஸிடம் கொடுத்தாள். முடிந்தது என்று நினைத்து மேளக்காரர் கையை எடுக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் பெரியநாயகி. "மாப்பிள்ள இன்னும் போடல."